மடியில் கனமும் வழியில் பயமும்

தெருவில் போலீஸ் நிறுத்திச் சோதனை போடுவதைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மூரில் பெரும்பாலோர் சொல்வது ஒரே பழமொழிதான். "மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு?" தேரடித் தெரு டீக்கடையில் கேட்டிருக்கிறேன், பென்ஷன்காரர்கள் கூடும் இடத்தில் கேட்டிருக்கிறேன், என் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். ராத்திரியில் பைபாஸில் வண்டியை ஓரம் கட்டச் சொல்வது, லாட்ஜில் ஏறி அடையாள அட்டை கேட்பது, கிரிவலப் பாதையில் உட்கார்ந்திருக்கும் சாதுக்களிடம் ஆதாரும் கைரேகையும் வாங்குவது எல்லாம் நல்லதற்குத்தானே, திருட்டு குறையுமே என்பது அவர்கள் கட்சி.

குறையுமா என்பதுதான் இன்றைய கட்டுரை. நாற்பது வருஷமாக என் மனதில் கிடக்கும் கேள்வி இது. ஏன் கிடக்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பழமொழியைக் கொஞ்சம் பார்ப்போம். அது போலீஸ் என்ற ஒன்றே இல்லாத காலத்துப் பழமொழி. பண முடிப்பை மடியில் கட்டிக்கொண்டு காட்டு வழியில் நடக்கிறவனுக்கு வழிப்பறிக்காரனை நினைத்துப் பயம். மடியில் ஒன்றுமில்லாதவன் பாட்டுப் பாடிக்கொண்டே போகலாம். அவ்வளவுதான் அதன் பொருள். பயப்படச் சொன்னது திருடனுக்கு. அந்தப் பயம் எப்போது காவல்காரர் பக்கம் திரும்பியது என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

வெள்ளைக்காரன் வருவதற்கு முன் ஊர்க் காவல் என்றால் காவல்காரர், தலையாரி. ஊருக்குள் யார் யார் என்பது அவருக்கு அத்துப்படி. களவு போனால் பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும் என்ற வழக்கமும் பல இடங்களில் இருந்தது. அது பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. காவல்காரரே ஆள் வைத்துத் திருடவிட்டு, துப்புக்கூலி வாங்கிக்கொண்டு பொருளைத் திருப்பித் தந்த கதைகள் ஏராளம். ஆனால் அவருக்கு ஆளைத் தெரியும். சென்னை மாகாணத்தில் 1859-இல் போலீஸ் சட்டம் வந்து, சீருடை போட்ட போலீஸ் வந்தபோது அந்த அறிமுகம் போய்விட்டது. எங்கிருந்தோ மாற்றலாகி வந்த கான்ஸ்டபிளுக்கு ஊரில் எல்லா முகமும் ஒன்றுதான். அறிமுகம் இல்லாத இடத்தில் பதிவேடு வந்தது. சந்தேகமும் அதோடு கூட வந்தது.

1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வட இந்தியாவில் வந்தது. 1911-இல் திருத்தி எழுதப்பட்டு நம் மாகாணத்துக்கும் வந்தது. ஒருவன் என்ன செய்தான் என்பது கேள்வியே இல்லை. எந்தச் சாதியில் பிறந்தான் என்பது போதும். பட்டியலில் உள்ள சாதியில் பிறந்தவர்கள் கைரேகை கொடுக்க வேண்டும், இரவில் ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும், அடுத்த ஊருக்குப் போக வேண்டுமென்றால் சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டுக்கு ராதாரிச் சீட்டு என்று பெயர். வழியில் நிறுத்தும்போது அதைக் காட்டாவிட்டால் சிறை. இன்றைக்கு நாம் தெருச் சோதனை என்று சொல்வதன் தாத்தா அந்தச் சீட்டுதான். மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் கைரேகை கொடுக்க மாட்டோம் என்று மக்கள் மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள்.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று மனப்பாடம் செய்துதான் வளர்ந்தோம். அந்த பிரான்ஸும் இதில் பின்தங்கவில்லை. நம் மாகாணத்தில் இந்தச் சட்டம் வந்த அடுத்த வருஷம், 1912 ஜூலை 16-இல், அங்கே நாடோடிகளுக்கு என்று ஒரு சட்டம் போட்டார்கள். ஊர் ஊராகப் போகிறவர்கள் உடல் அளவுகளும் கைரேகையும் போட்டோவும் ஒட்டிய ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஓர் ஊருக்குள் வரும்போதும் அங்கிருந்து போகும்போதும் அதில் முத்திரை வாங்க வேண்டும். அந்த நோட்டு 1969 வரை நடைமுறையில் இருந்தது. உசிலம்பட்டியில் ராதாரிச் சீட்டு, பிரான்ஸ் கிராமத்தில் நோட்டுப் புத்தகம். நிலையான விலாசம் இல்லாதவன் திருடன் என்ற எண்ணம் ஒரு நாட்டுக்குச் சொந்தமானதல்ல.

நம்மூரையே எடுத்துக்கொள்வோம். 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி ஒரு பதினாறு வயதுப் பையன் ரயிலிலும் கால்நடையாகவும் இங்கே வந்து சேர்ந்தான். கையில் காசில்லை. விலாசம் இல்லை. என்ன ஜோலியாக வந்தாய் என்று கேட்டால் பதில் இல்லை, மௌனம். கோயில் மண்டபத்தில் போய் உட்கார்ந்தான். இரண்டு வருஷம் கழித்து வந்த 1898-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109-ஆம் பிரிவில், ஜீவனத்துக்கு வழி தெரியாதவன், தன்னைப் பற்றித் திருப்தியான விவரம் சொல்ல முடியாதவன் ஆகியோரைப் பிடித்து நன்னடத்தைக்கு ஜாமீன் கேட்கலாம் என்று இருந்தது. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் அந்தப் பையனுக்குப் பொருந்தும். அவர்தான் ரமணர்.

அதே ரமணரின் ஆசிரமத்தில் 1924 ஜூன் 26-ஆம் தேதி இரவு திருடர்கள் புகுந்தார்கள். எடுத்துக்கொண்டு போங்கள் என்று வழிவிட்டவரையே தொடையில் அடித்தார்கள். கிடைத்தது சொற்பம். சில நாட்களில் பிடிபட்டுத் தண்டனையும் அடைந்தார்கள். நான் கவனிக்கச் சொல்வது தேதியை. அப்போது நம் மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்து 13 வருஷம். கைரேகை, சீட்டு, ராத்திரி ஆஜர் எல்லாம் நடந்துகொண்டிருந்த காலம். திருட வருகிறவன் வந்துகொண்டுதான் இருந்தான். அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் ஒழிந்தது. ஆனால் 1948-லேயே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்று ஒன்று நம் மாகாணத்தில் வந்துவிட்டது. சாதிக்குப் பதில் தனி ஆள் என்பதுதான் மாற்றம். காகிதத்தில் அது பெரிய மாற்றம். ராத்திரி ரோந்தில் வரும் கண்ணுக்கு அந்த மாற்றம் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எண்பதுகளில் நாலு வருஷம் ஒரு கோட்டாட்சியர் அலுவலகத்தில் மாஜிஸ்டீரியல் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தேன். 107, 109, 110 என்று போலீஸ் அனுப்பும் கேஸ்கள் அங்கேதான் வரும். கட்டைப் பிரித்து, நம்பர் போட்டு, சம்மன் தயாரித்து, வாய்தா தேதி குறிப்பது என் வேலை.

இதற்குள் 1973-ஆம் வருஷச் சட்டம் வந்து, ஜீவனத்துக்கு வழியில்லாதவன் என்ற பகுதியை 109-இலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏழையாக இருப்பதே குற்றமா என்ற கேள்விக்கு அது பதில். மிஞ்சியது ஒன்றே ஒன்று. குற்றம் செய்யும் நோக்கத்தோடு தன்னை மறைத்துக்கொண்டு திரிகிறான் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டும் நடவடிக்கை. சட்டம் மாறினால் கேஸ் கட்டும் மாறத்தானே வேண்டும்? மாறியது. எல்லாக் கட்டிலும் ஒரே வாசகம் வர ஆரம்பித்தது. இன்ன தேதி விடியற்காலை இரண்டு மணி சுமாருக்கு, இன்ன கடை வாசலில், இருட்டில் பதுங்கி இருந்ததாகவும், போலீஸைக் கண்டதும் ஓட எத்தனித்ததாகவும், விசாரித்தபோது முன்னுக்குப் பின் முரணாகப் பதில் சொன்னதாகவும் இருக்கும். ஆள் பேரும் கடை பேரும்தான் வேறு. மாசக் கடைசியில் கட்டு கனமாக வரும். முதல் வாரத்தில் திருடர்கள் பதுங்க மாட்டார்கள் போலிருக்கிறது என்று எங்கள் தலைமை எழுத்தர் சொல்லிச் சிரிப்பார்.

பிடிபடுகிறவர்கள் யார்? கரும்பு வெட்ட வந்தவர், செங்கல் சூளை ஆள், ரிக்‌ஷா ஓட்டுகிறவர், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர், காவி கட்டினவர். ஒருவரை இன்னும் ஞாபகம் இருக்கிறது. மனைவியைப் பிரசவத்துக்கு அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். பிரசவ வார்டில் ஆண்களை ராத்திரி தங்க விட மாட்டார்கள். எதிரே இருந்த கடை வாசலில் துண்டை விரித்துப் படுத்தார். அவர்தான் 'இருட்டில் பதுங்கி இருந்த நபர்'. மூன்று வாய்தாவுக்கு நாற்பது மைல் பஸ்ஸில் வந்தார். மூன்றாவது வாய்தாவில் அதிகாரி ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்து, நடவடிக்கையைக் கைவிட்டு உத்தரவு போட்டார். வெளியே வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, "இனிமே ராத்திரியில எங்க சார் படுக்கிறது?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. விதி என்னவென்று தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அவராவது வெளியே இருந்து வந்து போனார். ஜாமீனுக்கு ஆள் கிடைக்காதவர் சிறையில் இருப்பார். ஊரில் சொத்து உள்ள ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். செங்கல் சூளை ஆளுக்கு யார் வருவார்?

எங்களிடம் ஒரு பெரிய பதிவேடு உண்டு. கேஸ் நம்பர், ஸ்டேஷன், பெயர், பிரிவு, வாய்தாக்கள், முடிவு என்று கட்டங்கள். வருஷக் கடைசியில் கூட்டல் போட்டு மேலே அனுப்புவோம். இத்தனை பேரைப் பிடித்தோம் என்ற கணக்கு அதில் இருக்கும். அதனால் அந்தச் சரகத்தில் திருட்டு குறைந்ததா என்பதற்கு அதில் கட்டமே கிடையாது. யாரும் கேட்டதும் கிடையாது. நாற்பது வருஷமாக என் மனதில் கிடப்பது இந்த இல்லாத கட்டம்தான்.

நான் ஒரு அலுவலகத்தில் பார்த்ததை வைத்து நாட்டையே எடை போடக் கூடாது. அதனால் பெரியவர்கள் சொன்னதைப் பார்ப்போம். மத்திய அரசு அமைத்த தேசிய போலீஸ் கமிஷன் தன் மூன்றாவது அறிக்கையில், நாட்டில் நடக்கும் கைதுகளில் ஏறக்குறைய 60 சதவீதம் அவசியமற்றவை அல்லது நியாயமற்றவை என்று சொன்னது. சிறைச் செலவில் 43.2 சதவீதம் இப்படிப்பட்ட கைதுகளுக்குப் போகிறது என்றும் கணக்குச் சொன்னது. 1994-இல் ஜோகிந்தர் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை எடுத்துக்காட்டி, கைது செய்ய அதிகாரம் இருப்பது வேறு, கைது செய்ய நியாயம் இருப்பது வேறு என்று விளக்கியது.

தெருச் சோதனையையே எண்ணிப் பார்த்த நாடுகள் உண்டு. அங்கே என்ன தெரிந்தது?

லண்டனில் 1824-ஆம் வருஷத்து நாடோடிகள் சட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு சந்தேகப்பட்டவரைப் பிடிக்கும் வழக்கம் 1981 வரை இருந்தது. மக்கள் அதை 'சஸ்' சட்டம் என்பார்கள். நம் சந்தேகக் கேஸுக்கு அண்ணன். 1981 ஏப்ரலில் பிரிக்ஸ்டன் பகுதியில் வழிப்பறியைக் குறைக்க சாதாரண உடையில் போலீஸை இறக்கினார்கள். சில நாட்களில் 943 பேரை நிறுத்தினார்கள். கைதானவர்கள் 118 பேர். மீதி 825 பேர் மடியில் கனமில்லாதவர்கள், பெரும்பாலும் கறுப்பு இளைஞர்கள். அந்த வாரக் கடைசியில் பிரிக்ஸ்டன் பற்றி எரிந்தது. விசாரித்த ஸ்கார்மன் பிரபு, போலீஸுக்கும் மக்களுக்கும் இடையே நம்பிக்கை அற்றுப்போனதைக் காரணங்களில் முக்கியமாகச் சொன்னார். அதே வருஷம் 'சஸ்' ரத்தானது.

பிறகு 2008-இல் லண்டனில் கத்திக்குத்துகள் கூடியபோது மறுபடியும் சோதனையைக் கூட்டினார்கள். நகரின் சில பகுதிகளில் ஆயுதச் சோதனை மூன்று மடங்குக்கு மேல் போனது. மற்ற பகுதிகளில் அவ்வளவு கூடவில்லை. 2016-இல் அந்நாட்டு உள்துறையே இரண்டு வகைப் பகுதிகளையும் ஒப்பிட்டு ஆய்வு வெளியிட்டது. சோதனையைக் கூட்டிய இடத்தில் அதனால் குற்றம் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை என்பது முடிவு.

நியூயார்க் கணக்கு இன்னும் தெளிவு. 2011-இல் அந்த ஊர் போலீஸ் தெருவில் நிறுத்தியது 6,85,724 தடவை. பத்துக்கு ஒன்பது என்று சொல்லும் அளவுக்கு, நிறுத்தப்பட்டவர்கள் ஒன்றும் இல்லை என்று அனுப்பப்பட்டவர்கள். அந்த வருஷம் நகரில் 515 கொலைகள். 2013-இல் நீதிபதி ஷைரா ஷைன்ட்லின் இந்த முறை நடத்தப்பட்ட விதம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னார். இனி ஊர் ரத்தக்களமாகும் என்று மேயரிலிருந்து பலரும் எச்சரித்தார்கள். 2015-இல் நிறுத்தியது 22,565 தடவைதான். முப்பதில் ஒரு பங்கு. கொலைகள் 352. 2017-இல் 292. சோதனை குறைந்ததால் கொலை குறைந்தது என்று நான் சொல்லவில்லை, அதற்கு வேறு பல காரணங்கள் இருக்கும். ஆனால் சோதனையை விட்டால் குற்றம் தலைதூக்கும் என்ற பேச்சு அங்கே பொய்த்துப்போனது.

பிரான்ஸில் முகத்தைப் பார்த்து அடையாள அட்டை கேட்பதற்கென்றே ஒரு சொல் வழக்கு உண்டு, 'கோந்த்ரோல் ஓ ஃபாசியெஸ்'. 2005 அக்டோபர் 27-ஆம் தேதி பாரிஸுக்கு வெளியே கிளிஷி சூ புவா என்ற ஊரில் பந்து விளையாடிவிட்டுத் திரும்பிய பையன்கள் போலீஸைப் பார்த்ததும் ஓடினார்கள். மூன்று பேர் மின்சார நிலையத்துக்குள் ஒளிந்தார்கள். இரண்டு பேர் ஷாக் அடித்து இறந்தார்கள். அவர்கள் எதையும் திருடவில்லை. மூன்று வாரம் நாடு முழுக்கக் கலவரம். மடியில் கனமில்லாதவன் ஏன் ஓடினான் என்று கேட்பவர்களுக்கு 2017-இல் அங்குள்ள உரிமைக் காப்பாளர் அலுவலகம் ஒரு கணக்குக் கொடுத்தது. அரபு அல்லது கறுப்பு முகம் கொண்ட இளைஞன் நிறுத்தப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 20 மடங்கு. பத்தாவது தடவை நிறுத்தப்படுகிறவனுக்குப் பயம் மடியிலிருந்து வருவதில்லை, அனுபவத்திலிருந்து வருகிறது.

அப்படியானால் சோதனையே வேண்டாமா? அப்படிச் சொன்னால் அது நேர்மையான கட்டுரை ஆகாது. பலன் தந்த சோதனைகளும் உண்டு.

அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி என்ற ஊரில், 1992-இல், துப்பாக்கிக் குற்றம் மிக அதிகமான ஒரே ஒரு வட்டாரத்தில் அது அதிகம் நடக்கும் ராத்திரி நேரத்தில் மட்டும் கூடுதல் ரோந்து போட்டார்கள். தேடியது துப்பாக்கியை மட்டும். 29 வாரத்தில் பிடிபட்ட துப்பாக்கிகள் 65 சதவீதம் கூடின, துப்பாக்கிக் குற்றங்கள் 49 சதவீதம் குறைந்தன. நம் நாட்டிலேயே ஒரு நல்ல பரிசோதனை நடந்திருக்கிறது. ராஜஸ்தான் போலீஸோடு சேர்ந்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் செய்தது. அந்த இருவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பிடிக்கும் சோதனையை இரண்டு விதமாக வைத்தார்கள். சில ஸ்டேஷன்களில் ஒரே இடத்தில், மற்றவற்றில் இடம் மாற்றி மாற்றி. ஒரே இடத்தில் வைத்ததற்குப் பலன் தெரியவில்லை. இடம் மாற்றி வைத்த இடங்களில் ராத்திரி விபத்து 17 சதவீதமும், ராத்திரி விபத்துச் சாவு 25 சதவீதமும் குறைந்தன.

இந்த இரண்டையும் பிரிக்ஸ்டனோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். இங்கே எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரியும். எந்த இடம், எந்த நேரம் என்று பார்த்து வைத்திருக்கிறார்கள். குடித்தானா இல்லையா என்று சொல்வது ஊதுகிற கருவி, கான்ஸ்டபிளின் ஊகம் அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, நடந்ததை எண்ணினார்கள். பொருளைத் தேடுகிற சோதனைக்குப் பலன் உண்டு. ஆளைத் தேடுகிற சோதனைக்கு, அதுவும் அழுக்கு வேட்டி, தாடி, தோள்பை, கறுத்த முகம் என்று பார்த்துத் தேடுவதற்குப் பலன் இல்லை. இதுதான் நான் படித்ததிலும் பார்த்ததிலும் தேறியது.

நம்மூருக்குத் திரும்புவோம். 2023 பிப்ரவரி 12-ஆம் தேதி விடியற்காலையில் திருவண்ணாமலையிலும் போளூரிலும் கலசபாக்கத்திலும் நாலு ஏ.டி.எம்.களை கேஸ் வெல்டிங்கால் அறுத்துச் சுமார் 72 லட்சம் ரூபாயை அள்ளிக்கொண்டு போனார்கள். ஊரே பதறியது. எல்லைகளில் வண்டிச் சோதனையை முடுக்கினார்கள். ஆனால் திருடர்கள் அகப்பட்டது ரோட்டில் அல்ல. நம் மாவட்ட போலீஸ் கேமராப் பதிவுகளையும் செல்போன் கணக்குகளையும் பொறுமையாகப் பார்த்து, கோலார் தங்கவயலில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்ததைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தடம் பிடித்து ஹரியானா வரை போய்க் கைது செய்தார்கள். மெச்ச வேண்டிய வேலை. கடை வாசலில் படுத்தவரை எழுப்பிக் கிடைத்த துப்பு அல்ல அது. லாட்ஜ்காரரும் கடைக்காரரும் கேமராவைத் திறந்து காட்டினால்தான் இந்த மாதிரித் துப்பு கிடைக்கும். போலீஸைக் கண்டு பயப்படுகிற ஊரில் யாரும் எதையும் திறந்து காட்ட மாட்டார்கள்.

இன்னொரு தேதியையும் சொல்லியாக வேண்டும், மனசு கஷ்டமாக இருந்தாலும். 2025 செப்டம்பர் கடைசியில் நம் புறவழிச் சாலையில், வெளிமாநிலத்திலிருந்து சரக்கு வண்டியில் வந்த ஓர் இளம்பெண்ணை ராத்திரி ரோந்தில் விசாரணை என்று நிறுத்தி அழைத்துப்போய் பாலியல் வன்கொடுமை செய்ததாக இரண்டு காவலர்கள் கைதானார்கள். வேலையிலிருந்தும் நீக்கப்பட்டார்கள். ஆயிரம் காவலர்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்கள், ராத்திரி தூக்கம் கெட்டு நிற்கிறார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் இருட்டில் கை காட்டி நிறுத்தும் அதிகாரம் யாரும் பார்க்காத, யாரும் எழுதி வைக்காத அதிகாரமாக இருந்தால் எதுவரை போகும் என்பதற்கு நம்மூரே சாட்சியாகிவிட்டது. சென்னையில் 2022 ஏப்ரலில் கெல்லீஸ் பக்கம் வாகனச் சோதனையில் நிறுத்தப்பட்ட இளைஞர் ஒருவர் மறுநாள் காலை உயிரோடு இல்லை. அந்த வழக்கிலும் போலீஸ்காரர்கள் கைதானார்கள்.

ஆகவே வழியில் பயம் என்பது மடியைப் பொறுத்தது மட்டும் அல்ல. நிறுத்துகிற கையையும் பொறுத்தது.

என்ன செய்யலாம்? நான் சட்ட நிபுணர் அல்ல, குமாஸ்தா. குமாஸ்தாவுக்குத் தெரிந்த வைத்தியம் பதிவேடு ஒன்றுதான். இங்கிலாந்தில் 1984-ஆம் வருஷச் சட்டம், ஒருவரைச் சோதனை போட்டால் போலீஸ் அதிகாரி தன் பெயரையும் காரணத்தையும் எழுதி வைக்க வேண்டும், கேட்டால் நகல் தர வேண்டும் என்று சொல்கிறது. மேலே நான் சொன்ன கணக்குகள் எல்லாம் இப்படி எழுதி வைத்ததால் கிடைத்தவை. பிரான்ஸில் 2012 தேர்தலில் ஒல்லாந்து சோதனைக்கு ரசீது தரப்படும் என்ற அர்த்தத்தில் வாக்குக் கொடுத்தார், பதவிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. நம் சட்டத்தில், நிறுத்தி ஒன்றும் கிடைக்காமல் அனுப்பப்படுகிறவருக்குச் சீட்டுத் தர வேண்டும் என்று விதி இல்லை. 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் புதிய சட்டத்திலும் பழைய 109 தான் 128 என்று நம்பர் மாறி உட்கார்ந்திருக்கிறது.

ராத்திரி ரோந்துக்கு ஏற்கெனவே பட்டா புத்தகம் என்று ஒன்று உண்டு. வீட்டிலும் கடையிலும் வைத்திருப்பார்கள், ரோந்து வருகிறவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். காவலர் வந்தாரா என்பதற்கு அது சாட்சி. அதே மாதிரி நிறுத்தப்பட்டவருக்கும் ஒரு துண்டுச் சீட்டு போதும். தேதி, நேரம், இடம், நிறுத்தியவர் நம்பர், என்ன காரணம், என்ன கிடைத்தது. ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் 'ஒன்றுமில்லை' என்று எழுதட்டும். அடிக்கட்டை ஸ்டேஷனில் இருக்கட்டும். வருஷக் கடைசியில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்து கூட்டிப் போடட்டும். பக்கத்தில் அந்த வருஷத்துத் திருட்டுக் கணக்கு. நூறு பேரை நிறுத்தினால் எத்தனை பேரிடம் கிடைத்தது, அதனால் என்ன குறைந்தது என்பது தெரிந்துவிடும். நல்ல காவலருக்கு அது கவசம், கெட்ட எண்ணம் உள்ளவருக்குக் கடிவாளம்.

ராதாரிச் சீட்டு நிறுத்தப்படுகிறவன் கையில் இருந்த சீட்டு. நான் கேட்பது நிறுத்துகிறவர் எழுதித் தர வேண்டிய சீட்டு. நூறு வருஷத்தில் சீட்டு கை மாறுவதுதான் நியாயம்.